‘எடு’ என்றது யாரிடம்

மருந்துச்சீட்டின் இடது மூலையில் டாக்டர்கள் போடும் அந்தப் பெரிய ஆர் எழுத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதன் காலில் குறுக்கே ஒரு கோடு ஓடும். ஆர்.எக்ஸ் என்று படிக்கிறோம். உண்மையில் அது ஒரு வினைச்சொல். லத்தீனில் ‘ரெசிப்பே’. எடு என்று பொருள். முழுச்சொல்லையும் எழுத நேரமில்லாத யாரோ முதலெழுத்தை மட்டும் போட்டு, மிச்சத்தை விழுங்கிவிட்டேன் என்பதற்கு அடையாளமாகக் காலில் ஒரு கோட்டை இழுத்திருக்கிறார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

டி.பார்ம் என்கிற மருந்தாளர் படிப்பின் முதல் வருஷத்தில் இதை மனப்பாடம் செய்தபோது லத்தீன் என்பது ஊரா மொழியா என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் முழுசாக உட்கார்ந்து எழுந்த முதல் ஆள் நான். அப்பா ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை இறக்கினார். அம்மா அதே ஆலையில் கிழங்குக்குத் தோல் உரித்தார். புரியாத சொல் வந்தால் வீட்டில் கேட்க ஆள் கிடையாது. அதனாலேயோ என்னவோ, எந்தச் சொல்லையும் அரைகுறையாக விடக் கூடாது என்று ஒரு வைராக்கியம் இருந்தது. போனில் தேடித் தேடி அந்த வினைச்சொல்லின் பூர்வீகம் எல்லாம் பார்த்தேன். ‘ரெசிப்பேரே’ என்பது அதன் மூல வடிவம். எடுத்துக்கொள்ளுதல், பெற்றுக்கொள்ளுதல், திரும்ப வாங்கிக்கொள்ளுதல், வந்த ஆளை வீட்டுக்குள் ஏற்றுக்கொள்ளுதல் என்று அதற்குப் பல வேலைகள். எதிரே நிற்கும் ஒரே ஓர் ஆளைப் பார்த்து ஏவினால் ‘ரெசிப்பே’. பல பேரைப் பார்த்துச் சொன்னால் வேறு விகுதி வந்துவிடும். நம்முடைய எடு, எடுங்கள் மாதிரிதான். ஆனால் அந்த ‘எடுங்கள்’ தலைகளின் எண்ணிக்கைக்கு மட்டும்தான் வரும், மரியாதைக்கு வராது.

அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. எங்கள் பக்கம் மொட்டையாக ‘எடு’ என்று சொன்னால் சண்டைக்கு வந்ததாக நினைப்பார்கள். நடை பழகும் குழந்தையிடம்கூட ‘எடுங்க சாமி’ என்றுதான் வாயில் வரும்.

என் அக்கா போனில் ஓயாமல் சமையல் வீடியோ பார்க்கிறவள். நீ பார்க்கிற ரெசிப்பியும் மருந்துச்சீட்டில் இருக்கிற சொல்லும் ஒன்றுதான், அந்தக் காலத்தில் இரண்டு பட்டியலும் ‘எடு’ என்றுதான் தொடங்குமாம் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அப்ப டாக்டரு எழுதறதும் கொழம்புதானா? அதான் ஒருத்தருக்கும் வெளங்க மாட்டேங்குது” என்றாள்.

பரீட்சையில் மருந்துச்சீட்டின் பகுதிகளை விளக்கச் சொல்லிக் கேள்வி வந்தது. ரெசிப்பே என்றால் ‘நோயாளியே, நீ எடுத்துக்கொள்’ என்று அடிக்கோடெல்லாம் போட்டு எழுதினேன். அதற்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வாத்தியாரிடம் போனேன். அவர் அப்போது சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“எடுன்னுதானே சார் அர்த்தம்?”

“எடுதான். யாரு எடுக்கறது?”

“நோயாளி சார்.”

“நோயாளிக்கு லத்தீன் தெரியுமா? உன்ற அப்பனுக்குத் தெரியுமா? அதுக்குக் கீழ என்ன இருக்குது பாரு. இன்ன சாமான் இத்தனை, இன்ன சாமான் இத்தனை. அலமாரியிலிருந்து இதையெல்லாம் எடுடான்னு மருந்துக்கடைக்காரனுக்குச் சொல்றது அது.”

“அப்ப நோயாளிக்கு எங்க சார் சொல்றாங்க?”

“கடைசியில ‘சிக்னா’ன்னு வரும். அதுவும் வினைச்சொல்தான். குறி, எழுது. நோயாளி எப்படிச் சாப்பிடணும்னு கவர்மேல எழுதுன்னு அதையும் உன்னைத்தான் சொல்றாங்க. போ, எனக்குப் பசிக்குது.”

இரண்டு மதிப்பெண் போன வருத்தத்தில் அவர் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்றே இப்போது தோன்றுகிறது.

படிப்பு முடிந்து நாமக்கல்லில் மோகனூர் சாலையில் இருந்த ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தேன். முதலாளிக்கு வேறு தொழில்களும் உண்டு. கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது என் சான்றிதழ். மற்ற கடைகளில் கவர்மேல் பேனாவால் மூன்று கோடு போட்டு, காலை, மதியம், இரவு என்று விரலால் தட்டிக் காட்டுவார்கள். நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ‘காலை 1, சோற்றுக்குப் பிறகு.’ ‘இரவு 1, தூங்கப் போகும்போது.’ வருகிறவர்கள் என் அப்பா அம்மா மாதிரியான ஆட்கள். அவர்கள் பேசுகிற மாதிரியே எழுத வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதுவேன். கையெழுத்தும் நன்றாக இருக்கும். ‘தம்பி கடைக்கே போலாம், புரியறாப்பல எழுதித் தரும்’ என்று சிலர் தூரத்திலிருந்தும் வந்தார்கள். அதில் எனக்கு உள்ளுக்குள் நல்ல கர்வம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிற ஒருவர் வந்தார். சட்டையில் மரத்தூள். ஐம்பது வயதுக்கு மேல். முந்தின வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் மனைவிக்கு மருந்து வாங்கிப் போனவர் என்று முகம் நினைவிருந்தது.

“ஏனுங்க தம்பி, வாய்ப்புண்ணுக்குத் தடவறது ஏதாச்சும் குடுங்க.”

“உங்களுக்குங்களா?”

“எனக்கில்லீங்க, ஊட்டுல. மூணு நாளா வாயெல்லாம் வெந்து கெடக்குது. கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது. ஒடம்பும் காங்கலாத்தான் இருக்குது, தொட்டாச் சுடுது.”

களிம்பை எடுத்து வைத்தேன்.

“அப்பறம் அந்தத் தேய்க்கற மாத்திர இன்னொரு அட்டை வேணுங்க.”

“தேய்க்கற மாத்திரையா?”

“போன வாரம் நீங்கதானுங்களே குடுத்தீங்க. மஞ்சளா, பொடுசா. நல்லெண்ணெயில கொழச்சு முட்டிக்குத் தேச்சா கொஞ்சம் கேக்குதுங்கறா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏனுங்க, அது முழுங்கற மாத்திரைங்க. அதைப் போயி யாராச்சும் தேய்ப்பாங்களா?”

அவர் முகம் மாறியது. என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா என்கிற மாதிரி சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“திங்க வேண்டாம்னு நீங்கதானுங்க எழுதியிருக்கறீங்க.”

என் கையெழுத்துதான். அழகாக இருந்தது. ‘தினம் 1. திங்க வேண்டாம்.’

திங்கட்கிழமையை நாங்கள் திங்கக்கெழம என்போம். அதைச் சுருக்கி, ஆட்கள் பேசுகிற மாதிரியே, ‘திங்க’ என்று எழுதியிருந்தேன். தினம் ஒன்று, திங்கட்கிழமை மட்டும் வேண்டாம் என்பது நான் சொல்ல வந்தது. அவர் படித்தது வேறு. தின்ன வேண்டாம் என்றால் பிறகு எதற்குக் கொடுத்தார்கள் என்று புருஷனும் பெண்டாட்டியும் யோசித்திருக்கிறார்கள். மூட்டுவலிக்குக் கொடுத்தது, தின்னக் கூடாது என்றால் தேய்க்கத்தான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் யோசித்ததில் ஒரு பிழையும் இல்லை.

சிரிப்பு என் வாயில் அப்படியே நின்றுவிட்டது. மருந்து ஒன்றில்லை, இரண்டு. இன்னொரு கவரில் நான் என்ன எழுதினேன்?

“இன்னொரு மாத்திரைங்க? அந்தக் கவரு?”

“அது அவகிட்ட இருக்குதுங்க. அதுல திங்க ஒண்ணுன்னு தெளிவாப் போட்டிருந்தீங்க. அதைய ஒழுங்காத் தின்னுட்டுத்தான் இருக்கறா. வாங்குன அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சதுங்க, ஒரு நாளுகூட உடலீங்க.”

அந்த இன்னொரு மாத்திரையின் பெயர் மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுக்கிற மருந்து. மூட்டுவாதத்துக்குச் சின்ன அளவில், வாரத்தில் ஒரே ஒரு நாள் கொடுப்பார்கள். தினமும் உள்ளே போனால் உடம்பில் புதிதாக உண்டாகிற எதையும் வளரவிடாது. முதலில் வாய் வெந்து போகும். பிறகு குடல். அதற்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கத் தொடங்கியிருக்கும். அப்படி இறங்கிவிட்டால் ஒரு சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும். அந்த மஞ்சள் மாத்திரை, இந்த மருந்தின் கடுமையைத் தாங்குவதற்காகக் கொடுக்கிற ஃபோலிக் ஆசிட். அதைத்தான் எண்ணெயில் குழைத்து முழங்காலில் தேய்த்திருக்கிறார்கள்.

டாக்டர் சீட்டில் தெளிவாக எழுதியிருந்தார், வாரம் ஒருமுறை, திங்கள் என்று. நாலு வாரத்துக்கு நாலு மாத்திரை. அட்டையைக் கத்தரித்தால் மீதியை யார் வாங்குவார்கள் என்று முதலாளி முணுமுணுப்பார் என்பதால் பத்து மாத்திரை அட்டையை முழுசாகக் கொடுத்தேன். வாயால் சொல்லியிருக்கலாம். அன்றைக்குக் கடையில் கூட்டம். “எல்லாம் எழுதியிருக்குதுங்க, பாத்துக்குங்க” என்று சொல்லி அடுத்த ஆளின் சீட்டை வாங்கினேன். அதுவும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“எப்பத் தின்னுவாங்க?”

“மத்தியானம், சோத்துக்குப் பொறவு. ஏனுங்க, என்ன ஆச்சு?”

“இன்னிக்குத் தின்னக் கூடாதுங்க. போன் போடுங்க.”

“போனு எங்கிட்டல்லங்க இருக்குது. அவ கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கப் போயிட்டா.”

வண்டிச் சாவியை எடுத்தேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வண்டியைக் கிளப்பும்போது பின்னாலேயே வந்து என் தோளில் கை வைத்து, அந்தப் பெரியவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“அந்தக் கவரை வாங்கிட்டு வந்துரு. மொத வேலையா அதைச் செய். சீட்டுல வாரம் ஒண்ணுன்னுதானே இருக்குது? அவங்க தப்பாப் படிச்சா நாம என்ன பண்றது? செவுத்துல தொங்கறது உன்ற சர்டிபிகேட்டு, எம்பட இல்லை. யோசிச்சுக்க.”

பண்ணை ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும். பெரியவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாதி தூரம் போயிருப்பேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“நான் எழுத்துக்கூட்டித்தானுங்க படிப்பேன். அஞ்சாவதோட நின்னவன். அவளுக்கு அதுவும் தெரியாது. நாந்தான் படிச்சுச் சொன்னேன். தப்பாப் படிச்சுப்போட்டனா சாமி?”

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் சொல்லவில்லை. காற்றில் காதில் விழாத மாதிரி வண்டியை முறுக்கினேன். முதலாளி தோளில் வைத்த கை அப்போதும் அங்கேயே இருக்கிற மாதிரி இருந்தது. பெரியவர் மறுபடியும் கேட்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த பிடி மட்டும் இறுகியது.

பண்ணை வாசலில் டயர் நனைவதற்கு மருந்துத் தண்ணீர்த் தொட்டி. அதற்கு அந்தப் பக்கம் இரும்புக் கேட். காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“உள்ளார உடமாட்டனுங்க. வெளியாளு காலு பட்டாக் கோழிக்குச் சீக்கு வரும்.”

“அவசரமுங்க. மருந்து விசயம். ஒரு அம்மாவை உடனே பாக்கணும்.”

“இன்னிக்கு வேற பண்ணைக்குப் போனீங்களா?”

“நான் மருந்துக்கடைங்க. எந்தப் பண்ணைக்கும் போகலைங்க.”

“சீக்காளியெல்லாம் வர்ற எடத்துல இருந்து நேரா வாரீங்க. கோழி செத்தா உங்க கடையில மருந்து இருக்குதுங்களா?”

பெரியவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, எம்பொண்டாட்டிங்க. அவளை வெளிய கூப்புட்டு உடுங்க, போதும்” என்றார். காவலாளி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே நடந்தார். மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. ஷெட்டுகள் நீளநீளமாக வரிசையாக நின்றன. எந்த ஷெட்டில் அந்த அம்மா இருக்கிறார் என்று தெரியாமல் நாங்கள் இருவரும் எல்லாவற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்து நிமிஷம் கழித்து வந்தார். மெலிந்த உருவம். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. முந்தானையை வாயில் பொத்தியபடி நடந்து வந்தார். கையில் சாப்பாட்டுப் பை.

“ஏனுங்கம்மா, இன்னிக்கு மாத்திர தின்னீங்களா?”

முந்தானையை எடுத்தார். உதடு வெடித்து, ஓரங்களில் வெள்ளையாக இருந்தது. வாயைத் திறக்காமலே பேசினார்.

“காலையிலயே முழுங்கிட்டேன். மத்தியானம் சோறு எறங்காது, அப்பறம் எப்படி முழுங்கறது? வேலையா வந்த எடத்துல மறந்துட்டா அதுக்கு வேற இவரு பேசுவாரு.”

பையிலிருந்து கவரை வாங்கினேன். ‘திங்க 1.’ அட்டையில் ஒரே ஒரு மாத்திரை மிச்சம். ஒன்பது உள்ளே போயிருந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் தின்ன வேண்டியது ஒன்பதே நாளில். அவ்வளவு விரைவாக வந்தும் அந்த ஒன்றைக்கூட என்னால் நிறுத்த முடியவில்லை.

கவரை மடித்து என் சட்டைப் பையில் வைத்தேன். எதற்கு வைக்கிறேன் என்று அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை என்று எழுதினால் அது பொய். தெரிந்துதான் வைத்தேன்.

அந்தப் பக்கம் வந்த தீவன வண்டி ஒன்றில் அந்த அம்மாவையும் பெரியவரையும் ஏற்றிவிட்டுப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார். காய்ச்சல் பார்த்தார்.

“எத்தனை நாளா?”

“மூணு நாளுங்க” என்றார் பெரியவர்.

“வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறாங்களா?”

“மூட்டுவலிக்குங்க. டாக்டரு எழுதினபடி, கவர்ல போட்டிருந்தபடிதானுங்க தின்னா.” பிறகு என் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்தபடி சொன்னார்: “நாந்தான் படிச்சதுல என்னமோ தப்புப் பண்ணிப்போட்டனுங்க.”

டாக்டர் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். வாய்ப்புண், காய்ச்சல், அவ்வளவுதான். சத்து மாத்திரையும் களிம்பும் கொடுத்து அனுப்பக்கூடிய நோயாளி. ரத்தம் பார்க்கச் சொல்வாரோ மாட்டாரோ. சொன்னாலும் முடிவு நாளைக்கு வருமோ என்னமோ. அந்தப் பேனா நகர்ந்துகொண்டே இருந்தது. என் பையில் இருந்த கவரை வைத்துக்கொண்டு நான் வெளியே போயிருக்க முடியும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“மேடம், மெத்தோட்ரெக்சேட். ஏழரை மில்லிகிராம். வாரம் ஒண்ணு சாப்பிட வேண்டியது, தினமும் சாப்பிட்டிருக்காங்க. ஒன்பது போயிருச்சு. ஃபோலிக் ஆசிட் ஒண்ணுகூட உள்ள போகலை.”

பேனா நின்றது.

“நீங்க யாரு?”

“மருந்துக்கடை. பார்மசிஸ்டு. கவர்மேல எழுதினது நான்தாங்க.” கவரை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதைப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, சட்டென்று இன்னொரு மாதிரிப் படித்தார் என்பது கண்ணிலேயே தெரிந்தது. உடனே நர்ஸைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார், சிறுநீரகத்துக்கும் சேர்த்து. அந்த அம்மாவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோனார்கள்.

பெரியவர் என்னிடம் வந்தார்.

“அப்ப நான் படிச்சது?”

“சரியாத்தானுங்க படிச்சீங்க. எழுத்து ஒண்ணுகூடத் தப்பா இல்லை. நான் எழுதினதுதான் தப்பு. வண்டியில கேட்டீங்களே, அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லலை.”

அவர் என்னையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“படிச்ச ஆளு எழுதுனா செரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்.

அங்கே நின்றபோதுதான் அந்த இரண்டு லத்தீன் வினைச்சொற்களும் எனக்கு முழுசாகப் புரிந்தன. ரெசிப்பே, எடு. சிக்னா, எழுது. இரண்டிலும் தொக்கி நிற்கிற ‘நீ’ நான். நடுவில் வேறு ஆள் இல்லை. அந்த மொழிக்காரர்கள் மரியாதை விகுதி போடாமல் விட்டது நல்லதற்குத்தான். யாரைச் சொல்கிறார்கள் என்பதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. நானோ அந்த ‘திங்க 1’ கவர்மேல் வினைச்சொல்லே எழுதவில்லை. ஒரு கிழமையின் பெயரை வாலை நறுக்கி எழுதினேன். நறுக்கின இடத்தில் அது வினையாகிவிட்டது. ‘திங்க’ என்பதில் நீயும் இல்லை, நானும் இல்லை, நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. எந்த நாளைக்கும் பொருந்தும். ஒன்பது நாளைக்கும் பொருந்திவிட்டது.

ஒரு மணி நேரத்தில் ரத்தத்தின் முதல் முடிவு வந்தது. வெள்ளை அணுக்கள் இறங்கியிருந்தன. டாக்டர் வெளியே வந்து ஒரு சீட்டை நீட்டினார்.

“ஃபோலினிக் ஆசிட் ஊசி. இந்த விஷத்துக்கு முறிவு அதுதான். இங்க இப்ப இருப்பில்ல. சேலத்துலயிருந்து வரவழைக்கலாம், ஆனா எவ்வளவு நேரமாகும்னு தெரியாது. உங்களால முடியுமா?”

சீட்டின் மூலையில் அந்தப் பெரிய ஆர் இருந்தது. அவர் கை நடுக்கமில்லாமல் காலில் கோடு இழுத்திருந்தார்.

எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரிகள் எல்லோரையும் கூப்பிட்டேன். நாமக்கல்லில் யாரிடமும் இல்லை. சேலத்தில் புற்றுநோய் மருந்து வைத்திருக்கிற ஒருவரிடம் இருந்தது. நான் போய் வாங்கி வருவதைவிட அங்கேயிருந்து பஸ்ஸில் போட்டுவிடுவது சீக்கிரம் என்றார் அவர். எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். கண்டக்டர் கையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் பஸ் நம்பரைப் போனில் சொல்வார்கள். ஐஸ் கட்டி வைத்துக் கொடுத்துவிட்டேன் என்று நம்பர் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் வெயில். ஒவ்வொரு சேலம் பஸ்ஸும் திரும்பும்போது நம்பரைப் பார்த்தேன். இரண்டு முறை வேறு பஸ்ஸின் படிக்கட்டில் ஏறி, கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன். அதற்கு நடுவில் முதலாளி போன் செய்தார்.

“கவரு?”

“டாக்டருகிட்டக் குடுத்துட்டனுங்ணா.”

“நல்லா இரு” என்றார். போன் வைக்கப்பட்டது.

நான்கரைக்குப் பஸ் வந்தது. கண்டக்டர் பொட்டலத்தை ஜன்னல் வழியாகவே நீட்டினார். “என்ன தம்பி, ஐஸ்கிரீமா?” என்றார். பதில் சொல்லாமல் ஓடினேன்.

ஊசி போட்டார்கள். போட்ட பிறகும் அணுக்கள் இறங்கின. அப்படித்தான் ஆகும், முதலில் இறங்கித்தான் ஏறும் என்று டாக்டர் சொன்னார். சொன்னாரே தவிர, அவர் முகத்திலும் உறுதி இல்லை. தனி அறைக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறி, அந்த அம்மா பிதற்றினார். முட்டை உடைகிறது, தட்டு நகர்கிறது, பிடிங்க என்று என்னென்னவோ. நான் தினமும் போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்தேன். பெரியவர் என்னைப் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. டீ வாங்கி வந்தால் தனக்கு மட்டும் வாங்கி வந்தார். அந்த அம்மாவை அழைத்துவந்த ஆள் நான் என்பதால் நர்ஸ்கள் ரத்த முடிவை என்னிடம்தான் சொன்னார்கள். அதை அவரிடம் போய்ச் சொல்வது என் வேலையானது. முதல் இரண்டு நாள், “இன்னும் எறங்கியிருக்குதுங்க.” நாலாம் நாள், “அதே அளவுலதான் நிக்குதுங்க.” ஒவ்வொரு முறையும் அவர் தலையை மட்டும் ஆட்டுவார். ஆறாம் நாள் காலையில், “ஏறியிருக்குதுங்க” என்றேன். அவர் அதற்கும் தலையைத்தான் ஆட்டினார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

என்மேல் விசாரணை வந்தது. எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். கடையில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். அதெல்லாம் பிறகு.

அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கும் போனேன். வாய் ஆறியிருந்தது. முடி நிறையக் கொட்டியிருந்தது, முக்காடு போட்டிருந்தார். என்னைப் பார்த்து, “நீங்கதான அந்தத் தம்பி? கேட்டுல நின்னவரு?” என்றார். ஆமாங்க என்றேன். அதற்குமேல் அவரும் ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் எவ்வளவு சொல்லியிருந்தார் என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகள் பெரியவர் கையில் ஒரு பையில் இருந்தன. நான்கு வகை. பைமேலும் அட்டைகள்மேலும் எதை எப்போது தின்ன வேண்டும் என்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என் சட்டையில் பேனா இருந்தது.

“குடுங்க, எதெது எப்பன்னு ஒவ்வொண்ணுலயும் எழுதித் தந்தர்றேன். முழுசா, கெழமையோட, தெளிவா எழுதறேன்.”

அவர் பையைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை. மழையில் நனையாமல் ஒரு பொருளை உள்ளே நகர்த்துவது மாதிரி.

“வேண்டாமுங்க தம்பி. நர்சம்மா வாயில சொல்லிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் மனசுல வெச்சுக்கறோம்.”

ஆஸ்பத்திரி வாசலுக்கு மோகனூர் பஸ் வந்தது. அவர் முதலில் ஏறி ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, திரும்ப இறங்கிவந்து மனைவியின் கையைப் பிடித்து ஏற்றினார். வீங்கின முட்டி நோகாமல், மணிக்கட்டுக்கு மேலே பிடித்து.